சீனியும் உடல்நலமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. பொருளீட்டும் வழியைக் கல்லூரி நமக்குக் காட்டியது. அப்பொருளினும் பெரிதாகிய உடல்நலத்தைப் பேணும் வழியை நம்மிற் பலர் கற்றோமல்லோம். இவ்வுண்மையை அண்மையில் நிகழ்ந்த பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றிலே நாம் கண்ணாரக் கண்டோம். தேநீர் வழங்க வந்த இளைஞர் இரண்டு தட்டுகளை ஏந்தி வந்தார். ஒன்றிலே சீனி இட்ட தேநீர். மற்றதிலே இடாத தேநீர். ஒரே வகுப்பிற் கற்ற எண்மர் அம்மேசையைச் சூழ்ந்திருந்தோம். எண்மருள் ஐவரின் கைகள் இரண்டாந் தட்டை நோக்கியே நீண்டன. ஓட்டப் பந்தயங்களில் நம்மையெல்லாம் பின்னே விட்டுச் சென்ற நண்பரொருவர் அன்று ஊன்றுகோலுடன் வந்திருந்தார். காலிற் பட்ட சிறு காயம் ஆறாது புண்ணாகி, ஈற்றிற் பாதத்தையே இழக்கச் செய்துவிட்டதாம். "சீனி வருத்தந்தான், வேறென்ன!" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். நம்மால் உடன் சிரிக்க முடியவில்லை.

அன்றிரவு வீடு திரும்பும்போது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரையாக விரிகின்றன. நாம் இதனை எழுதுவது நோயுற்ற முதியோர்க்காக மட்டுமன்று. இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்க்காகவே பெரிதும் எழுதுகின்றோம். முதியோர் இழந்ததை அவர்கள் இழக்க வேண்டியதில்லையன்றோ?

சீனி வந்த வழி

கரும்பு தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகிற்குக் கொண்டுவந்தவர் என ஒளவையார் பாடிய செய்தி புறநானூற்றின் 99ஆம் பாட்டிலே காணப்படுகின்றது. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவிலே பிறந்தது. பருக்கைக் கல்லைக் குறித்த வடசொல்லாகிய 'சர்க்கரா' என்பதே நம் நாவிற் சர்க்கரையாகி, அராபியர் வழியாக மேனாட்டு மொழிகள் பலவற்றிலும் புகுந்தது. எனினும் பன்னூற்றாண்டுகளாக இனிப்பு என்பது விழாநாட்களுக்கு உரியதொன்றாகவே இருந்தது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம், திருமணத்திற்குப் பாயசம். கொழும்பிலே ஆடிவேல் விழா வந்தால் காலி வீதியோரத்திற் கரும்பும் பம்பாய் முட்டாசும் விற்கும். அதற்காகச் சிறுவர் ஆண்டு முழுவதும் காத்திருப்பர். காத்திருந்து பெற்றதனாலேயே அதன் சுவை பெரிதாயிற்று.

இன்று நாம் அவ்விதம் காத்திருப்பதில்லை. முகத்துவாரத்திலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திலிருந்து பார்த்தால், துறைமுகத்தை நாடிவரும் கப்பல்கள் தோன்றும். கந்தளாயிலும் ஹிங்குராணையிலும் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலைகள் எழுந்தனவாயினும், நாட்டின் தேவையிற் பெரும்பகுதி கப்பல் வழியாகவே வருகின்றது. துறைமுகத்திலிருந்து புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் மொத்த விற்பனைக் கடைகளுக்கும், அங்கிருந்து கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரையுள்ள சில்லறைக் கடைகளுக்கும் சீனி மூடைகள் நாடோறும் செல்கின்றன. விழாப் பொருளாயிருந்தது நாட்பொருளாயிற்று; நாட்பொருளாயிருந்தது இன்று வேளைப்பொருளுமாயிற்று. இம்மாற்றமே நம் காலத்து நோயின் வேர்களுள் ஒன்று.

உடலினுள்ளே நிகழ்வது யாது?

நாம் உண்ணும் வெண்சீனியின் இரசாயனப் பெயர் சுக்குரோசு. குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரண்டு எளிய வெல்லங்கள் இணைந்ததே அது. சிறுகுடலில் இவ்விணைப்பு அறுபட, இரண்டும் குருதியிற் சேர்கின்றன. குளுக்கோசு உடலின் எல்லாக் கலங்களுக்கும் எரிபொருளாகின்றது. அது கலங்களினுட் புகுவதற்குக் கதவு திறக்கும் திறவுகோல் போன்றது சதையி என்னும் உறுப்பிலே சுரக்கும் இன்சுலின். பிரற்றோசின் பெரும்பகுதியோ ஈரலை அடைகின்றது. அளவாக வந்தால் ஈரல் அதனைச் செவ்வனே கையாளும். அளவுக்கு மிஞ்சி விரைந்து வந்தால் அதன் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றும். அக்கொழுப்பு ஈரலிலேயே தேங்கவும் செய்யும். மது ஒரு துளியும் அருந்தாதவர்க்கும் கொழுப்பு ஈரல் நோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஈரலிலும் வயிற்றைச் சூழவும் கொழுப்பு மிகுந்தால், இன்சுலின் என்னும் திறவுகோல் கதவை எளிதிற் திறப்பதில்லை. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து போராடும். ஆண்டுகள் பல கழிய அது களைத்துவிடும். அப்பொழுது குருதியிற் குளுக்கோசு தேங்குகின்றது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவு. உணவின்றி இருந்து காலையிற் சோதிக்கும்போது, குருதி ஒரு டெசிலீற்றரில் குளுக்கோசு 100 மில்லிகிராமுக்குக் குறைவாயின் நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126 அல்லது அதற்கு மேலாயின், மீண்டும் சோதித்து உறுதி செய்யத்தக்க நீரிழிவு. இவ்வெண்களை ஒவ்வொரு குடும்பத்தவரும் வாய்பாடு போல மனத்தில் இருத்தல் வேண்டும்.

நீரிழிவினால் மடிவோரினும் அதனோடு நெடுநாள் தளர்ந்து வாழ்வோரே மிகுதி. தேங்கிய குளுக்கோசு நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கின்றது. கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் நரம்பும் முதலிற் கெடுகின்றன. நரம்பு கெட்ட பாதத்திலே முள் தைத்தாலும் உணர்வில்லை. உணர்வில்லாமையாற் கவனிப்பில்லை, குருதியோட்டம் குறைந்தமையால் ஆறுதலில்லை. நம் நண்பரின் பாதம் போனது இவ்வழியேதான். இதயமும் இதற்குத் தப்புவதில்லை.

பல்லைப் பற்றியும் ஒரு சொல். வாயில் வாழும் பற்றீரியங்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மிளிரியை அரித்துச் சொத்தையாக்குகின்றது. எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை முறை என்பதும் இங்கு முக்கியமாகும். நாள் முழுதும் இனிப்பை வாயிலிட்டுச் சப்பும் பிள்ளையின் பல் ஓய்வின்றி அமிலத்தில் நனைந்துகொண்டே இருக்கின்றது.

ஓர் உண்மையை இங்கே மறைத்தலாகாது. நீரிழிவுக்குச் சீனி ஒன்றே காரணமன்று. பரம்பரையும், உடல் உழைப்பின்மையும், மிகுதியாக உண்ணும் வெள்ளைச் சோறும், பருத்த வயிறும் சேர்ந்தே அந்நோயை வருவிக்கின்றன. சோறு மலைபோலவும் கறி மடுப்போலவும் உண்டுவிட்டு, தேநீரில் மட்டும் சீனியை விலக்குவார் தம்மைத் தாமே ஏமாற்றுகின்றனர். ஆயினும், இனிப்பூட்டிய பானங்களை நாடோறும் அருந்துவோரிடையே இந்நோய் மிகுதல் பல நாட்டு ஆய்வுகளிலே திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. பானத்தில் வரும் சீனி வயிற்றை நிரப்புவதில்லை. அதனைக் குடித்தவர் அடுத்த வேளை உணவைக் குறைப்பதுமில்லை.

நம் நாட்டின் நிலை

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்று, 20 வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மேலானோர் நீரிழிவுடையோர் என்று கண்டது. நகரத்தாரிடையே அது நூற்றுக்கு 16க்கும் மேல். நாட்டுப்புறத்தாரிடையே ஏறக்குறைய 9. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்குத் தமக்கு அந்நோய் உண்டென்பதே அதுவரை தெரியாது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த பிறிதொரு நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேரை நீரிழிவுடையோராகக் கண்டது. ஆய்வு முறைகள் வேறுபட்டன எனினும் நோய் செல்லுந் திசை ஐயத்திற்கிடமற்றது. நம் மேசையில் எண்மருள் ஐவர் இருந்தது தற்செயலான வியப்பன்று. தென்னாசியராகிய நமக்கு, மேனாட்டாரினும் குறைந்த உடற்பருமனிலேயே, குறைந்த வயதிலேயே இந்நோய் வருவதென்பது மருத்துவர் யாவரும் அறிந்தது. "நான் மெலிந்தவன்தானே" என்று எவரும் அமைதி கொள்ளற்க.

பங்கீடு கற்பித்த பாடம்

எழுபதுகளின் முற்பகுதியைக் கண்ட பழைய மாணவர் சீனித் தட்டுப்பாட்டை மறந்திரார். கூப்பன் கடையிற் கிடைத்த பங்கைத் தாய்மார் போத்தலில் அடைத்து விருந்தினர்க்கென ஒளித்து வைத்ததும், வீட்டார் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்ததும் அக்காலத்துக் காட்சிகள். அதனை நாம் வறுமையென்றே எண்ணி வருந்தினோம்.

அதே போன்ற ஒரு பங்கீடு பிரித்தானியாவிலே இரண்டாம் உலகப் போரில் தொடங்கி 1953ஆம் ஆண்டு செப்தெம்பர் வரை நிலவியது. பங்கீடு நீங்கியதும் அந்நாட்டார் உண்ட சீனி ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தோரை ஒப்பிட்ட ஆய்வொன்று 2024ஆம் ஆண்டு வெளிவந்தது. தாயின் கருவிலும் பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தோர்க்கு, முதுமையில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 35 பங்கும், உயர் குருதியமுக்கம் வரும் வாய்ப்பு 20 பங்கும் குறைந்திருந்ததாம். குழந்தைப் பருவத்தில் நாம் ஊட்டும் இனிப்பு ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்கின்றது என்பதே இதன் பொருள். பங்கீட்டை மீண்டும் வேண்டுவார் யாருமில்லை. எனினும் சட்டம் செய்த வேலையை இனி நம் அறிவு செய்தல் கூடும்.

அறிவைக் குழப்ப முயன்றோரும் உளர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவிலே புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. இதயநோய்க்குக் கொழுப்பையே குற்றஞ்சாட்டிச் சீனியின் பங்கை அது சிறிதாக்கியது. அதை எழுதியோர்க்குச் சீனி வணிகரின் நிறுவனம் பணம் கொடுத்திருந்தது என்பது 2016ஆம் ஆண்டிலேதான் பழைய கடிதங்களால் வெளிப்பட்டது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. ஆய்வின் முடிபைக் கற்பதோடு அந்த ஆய்விற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று வினவுதலும் கல்வியேயாம்.

ஒரு நாட் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு விடுத்த வழிகாட்டலின்படி, உணவிற் சேர்க்கப்படும் சீனியும், தேன், பழரசம் முதலியவற்றிலுள்ள சீனியும் சேர்ந்து நாளாந்தச் சக்தியில் நூற்றுக்கு 10 பங்கினும் குறைதல் வேண்டும். 5 பங்கினும் குறைந்தால் மேலும் நலம். 2000 கலோரி உண்பவர்க்கு முதலளவு 50 கிராம். இரண்டாமளவு 25 கிராம், அஃதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி.

இனி, நகரத்து இளைஞர் ஒருவரின் நாளைக் கணக்கிடுவோம். காலை முதல் மாலை வரை தேநீர் நான்கு கோப்பை; கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி; கரண்டிக்கு 4 கிராம் எனின், 32 கிராம். நூறு மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட குளிர்பானம் 350 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று; 35 கிராம். கிறீம் பிஸ்கட் நான்கு. ஒன்றுக்கு மூன்று கிராம் எனக் குறைத்துக் கொண்டாலும் 12 கிராம். மொத்தம் 79 கிராம். இதிலே கேக்கும் இல்லை, ஐஸ்கிறீமும் இல்லை, கோயிற் பிரசாதமும் இல்லை. ஆண்டொன்றுக்கு இது 28 கிலோவைத் தாண்டும்; கடையிலே மூடையாகக் கட்டினால் அவ்விளைஞர் தோளிற் தூக்கத் திணறும் சுமை! தேநீர்க்கடையில் ரின்பால் ஊற்றிய தேநீர் குடிப்பவரின் கணக்கு இன்னும் பெரிது. ஏனெனில் அப்பாலில் ஏறக்குறைய பாதி சீனியே.

நம்மிடையேயுள்ள மயக்கங்கள்

பனங்கட்டியும் கித்துட் கருப்பட்டியும் தீங்கற்றவை என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். அவை நம் மண்ணின் பொருள்கள். மணமும் சுவையும் மிக்கவை. பனைத் தொழிலாளரின் வாழ்வுக்கு உதவுபவை. சிறிதளவு தாதுப்பொருளும் அவற்றில் உண்டு. எனினும் அவற்றின் பெரும்பகுதி சுக்குரோசே. குருதி அதனை யாழ்ப்பாணத்துப் பொருளென்று கருதிச் சலுகை காட்டுவதில்லை. தேனுக்கும் இது பொருந்தும்.

பழத்தைப் பிழிந்து வடித்தால் அதன் நார் போய்விடும். எஞ்சுவது இனிப்பு நீரே. பழத்தைப் பழமாகவே உண்ணல் நன்று. செயற்கை இனிப்புகளையும் புகலிடமாகக் கொள்ளற்க. உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்துள்ளது. முன்னரே நீரிழிவுடையோர் இதுபற்றித் தம் வைத்தியரையே கேட்டல் வேண்டும்.

மற்றுமொரு மயக்கம் போத்தலின் மேலுள்ள நிறக்குறியால் வருவது. 2016ஆம் ஆண்டு இலங்கை அரசு குளிர்பானங்களுக்கு நிறக்குறியைச் சட்டமாக்கியது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியிருந்தாற் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2இற் குறைந்தாற் பச்சை. 2018ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரியும் விதித்தது. பின்னர் அவ்வரி மாற்றங்கள் கண்டது. இவை நல்ல முயற்சிகளே. ஆயினும் நாம் மேலே கணக்கிட்ட போத்தலை மீண்டும் நோக்குக. அதன் நிறம் மஞ்சள். உள்ளே இருப்பதோ 35 கிராம், ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி. நூறு மில்லிலீற்றரோடு நிறுத்துவார் யார்? நிறத்தைப் பார்த்தாற் போதாது. கிராமைப் பார்த்துப் போத்தலின் அளவாற் பெருக்குக. கல்லூரியிற் கற்ற எண்கணிதத்திற்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.

செய்யத்தக்கன

நோய் வருமுன் காத்தல் இயலுமா எனின், இயலும். சென்னையிலே நடந்து 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, எச்சரிக்கை நிலையில் இருந்தோர் உணவைத் திருத்தி நடைப்பயிற்சியும் மேற்கொண்டபோது நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றாண்டுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 28 பங்கு குறைந்ததைக் காட்டியது. அவர்கள் நம்மைப் போலவே சோறும் சாம்பாரும் உண்டு, அலுவலகங்களில் அமர்ந்து உழைத்தவர்கள்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. முதலாவது, தேநீரிற் சீனியைப் படிப்படியாகக் குறைத்தல். கிழமைக்கு அரைக்கரண்டி குறைத்தால் ஒரு மாதத்தில் இரண்டு கரண்டி மறையும். நாக்கு தானாகவே பழகிக்கொள்ளும். நல்ல மலைநாட்டுத் தேயிலையின் மணத்தை அப்பொழுதுதான் நாம் உள்ளபடி அறிவோம். இரண்டாவது, விடாய்க்குத் தண்ணீரும் மோரும் கொள்ளுதல். மூன்றாவது, குழந்தைகட்கு இரண்டு வயது நிறையும்வரை சீனி ஊட்டாதிருத்தல். பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் பாட்டன்மார் சொக்லேட்டுக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு செல்லலாம். நான்காவது, உண்ணும் தட்டிலே சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் மீனையும் கூட்டுதல். மீன்பிடித் துறையருகே வாழும் முகத்துவாரத்தார்க்கு நல்ல மீன் அரிதன்று. மரக்கறி உண்போர்க்குப் பயறும் கடலையும் உண்டு. ஐந்தாவது, நாடோறும் அரைமணி நேரமாயினும் விரைந்து நடத்தல். ஆறாவது, வயது முப்பத்தைந்தைக் கடந்தோர் யாவரும் குருதியைச் சோதித்தறிதல். குடும்பத்தில் நோயுடையோர் இருப்பின் இன்னும் முன்னரே சோதித்தல்.

விழா இனிப்பை நாம் விலக்கச் சொல்லவில்லை. பொங்கற் பானையிலிருந்து எடுத்த ஒரு கரண்டிச் சர்க்கரைப் பொங்கல் எவரையும் நோயாளியாக்கியதில்லை. நாட்பொருளாகிவிட்ட இனிப்பை மீண்டும் விழாப் பொருளாக்குக என்பதே நம் வேண்டுகோள். அவ்வாறு செய்தால் நோயும் குறையும், விழாவின் சுவையும் மீளும்.

இறுதியாக, நிறைவு விழாக் கொண்டாடும் நம் கல்லூரிக்கும் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். இனி நாம் கூடும் ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீர் ஒரே தட்டிற் சீனியின்றி வருவதாக; வேண்டுவோர்க்குச் சீனிக்கிண்ணம் மேசையின் ஓரத்திலே இருப்பதாக. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிற் குளிர்பானப் போத்தல் நின்ற இடத்திலே குடிநீர்க் குழாயொன்று, பழைய மாணவரின் நன்கொடையாக, நிற்பதாக. மாளிகைகளும் மண்டபங்களும் எழுப்புதலினும் இது சிறிய கொடைதான். ஆனால் இன்று ஆறாம் வகுப்பிலே பயிலும் சிறுவன் தன் அறுபதாம் வயதில் இக்கல்லூரியின் அடுத்த பெருவிழாவிற்கு வரும்போது, ஊன்றுகோலின்றித் தன்னிரு காலாலும் நடந்து வருவானாயின், அக்கொடையின் பெருமையை அன்று அவன் அறிவான்.